காலக்கணக்கும் கர்த்தருடைய நாளும்



 இவ்வாரத் தியானத்தை வாசிக்குமுன் எரேமியாவின் புத்தகத்தில் 28, 29, 32 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள். நாம் பேசப்போகும் காரியத்தின் திறவுகோல் அங்கே இருக்கிறது.

உங்களில் பலருடைய கைபேசிக்கு வண்ணமயமான அட்டவணைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு முனையில் அர்தசஷ்டா ராஜாவின் கட்டளை, மறுமுனையில் கர்த்தருடைய வருகை. இடையில் அம்புக்குறிகளும் பெருக்கல் வாய்ப்பாடுகளும். 1948இல் இஸ்ரவேல் தேசம் பிறந்ததோடு இத்தனை ஆண்டுகளைக் கூட்டினால் இந்த ஆண்டு வருகிறது என்கிறார்கள். எண்கள் பொய் சொல்லாது என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். அதை வாசித்தவர்களில் சிலர், "ஐயா, கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது?" என்று கேட்கிறீர்கள். வேறு சிலர் கேட்பதில்லை. மனத்துக்குள் முடிவு செய்துவிடுகிறார்கள். இனி வீடு கட்டுவானேன், பிள்ளையை மேற்படிப்பில் சேர்ப்பானேன், கடனை அடைப்பதற்கு அவசரம் என்ன என்ற எண்ணம் மெல்ல உள்ளே வந்து உட்காருகிறது. ஆகையால் இதை வெறும் விநோதம் என்று எண்ணி நான் மௌனமாயிருக்க முடியாது.

என் நிலையை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். கர்த்தர் மீண்டும் வருவார்; அதில் எனக்கு அணுவளவும் ஐயமில்லை. ஆனால் வேதத்திலுள்ள எண்களைப் பெருக்கிக் கழித்து அவர் வரும் ஆண்டையோ நாளையோ குறிப்பது கணிதத்துக்கும் வரலாற்றுக்கும் செய்யும் அநியாயம். எல்லாவற்றிற்கும் மேலாக வேதத்துக்குச் செய்யும் அநியாயம். இம்மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கணிதத்துக்கு நேரும் அநியாயம்

அமெரிக்காவில் ஹாரோல்ட் கேம்பிங் என்றொரு வானொலிப் பிரசங்கியார் இருந்தார். அவர் படித்தது கட்டடப் பொறியியல். எனவே எண்களைக் கையாளத் தெரியாதவர் அல்லர். ஒப்புரவாகுதலுக்கு 5, பூரணத்துக்கு 10, பரலோகத்துக்கு 17 என்று அவர் வைத்துக்கொண்டார். மூன்றையும் பெருக்கினால் 850. அதை அதனாலேயே மறுபடியும் பெருக்கினால் 7,22,500. கிறிஸ்து சிலுவையில் அறையப்பட்ட நாள் என்று தாம் கொண்ட கி.பி. 33 ஏப்ரல் 1இலிருந்து இத்தனை நாள்களை எண்ணி, 2011 மே 21 நியாயத்தீர்ப்பின் தொடக்கம் என்று அறிவித்தார். பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை. மே 21 வந்தது, போனது. அக்டோபர் 21 என்று மாற்றினார், அதுவும் போனது. அவரை நம்பித் தம் வாழ்நாள் சேமிப்பை விளம்பரங்களுக்குச் செலவழித்தவர்களும், வேலையை விட்டவர்களும் மறுநாள் காலையில் கண்விழித்தார்கள். நாள் குறிக்க முயன்றது பாவம் என்று 2012இல் கேம்பிங் எழுதினார். அவர் மனந்திரும்பியதை நான் மதிக்கிறேன். ஆனால் செலவழிந்த பணம் திரும்பவில்லை.

இதில் பிழை எங்கே இருந்தது? 17க்குப் பரலோகம் என்று பொருள் என எந்த வசனம் சொல்லுகிறது? மூன்று எண்களைப் பெருக்க வேண்டும், பின்பு அந்தத் தொகையை அதனாலேயே பெருக்க வேண்டும் என்று எந்தத் தீர்க்கதரிசி கட்டளையிட்டான்? பெருக்கல் சரியாயிருப்பதால் பெருக்கப்பட்ட எண்களும் சரியாயிருக்க வேண்டும் என்று நாம் ஏமாறுகிறோம். கணிதம் ஒரு தராசு. தட்டில் வைத்ததை நிறுத்துக் காட்டுவதுதான் அதன் வேலை. வைக்கப்பட்டது பொன்னா பித்தளையா என்று அது சொல்லாது.

இன்னும் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. போதகனாகிய எனக்கு அது மிகவும் உறைக்கிறது. மார்ட்டின் லூத்தரின் நண்பராகிய மிக்கேல் ஸ்டீபெல் ஜெர்மனியில் லோஹாவ் என்ற ஊரில் போதகராயிருந்தார். அவர் பின்னாளில் 1544இல் வெளியிட்ட கணித நூல், அந்நூற்றாண்டின் சிறந்த கணித நூல்களுள் ஒன்று. அத்தகைய அறிவாளி, போப்பாண்டவர் பத்தாம் லியோவின் இலத்தீன் பெயரிலிருந்து ரோம எண்ணெழுத்துகளைப் பொறுக்கி எடுத்தார். 50, 500, 100, 1, 1000, 5 ஆகியவை கிடைத்தன, கூட்டுத்தொகை 1656. அவருக்கு வேண்டியதோ 666. எனவே ஆயிரத்தைக் குறிக்கும் எழுத்து "இரகசியம்" என்ற சொல்லின் முதலெழுத்து என்று சொல்லி அதை நீக்கினார், 656 ஆயிற்று. பத்தாம் லியோ என்பதால் 10ஐக் கூட்டினார், 666 வந்துவிட்டது! பின்பு கணக்கு மேலும் வளர்ந்து, 1533 அக்டோபரில் ஒரு நாள் காலை 8 மணிக்கு உலகம் முடியும் என்பதில் போய் நின்றது. லூத்தர் எச்சரித்தும் அவர் கேட்கவில்லை. அவருடைய சபையார் வயல்வேலையை விட்டார்கள். இருந்ததைத் தின்று தீர்த்தார்கள். எட்டு மணி கடந்தது. அவர் காவலில் வைக்கப்பட்டார். லூத்தர் தலையிட்டதால் கடுந்தண்டனைக்குத் தப்பினார். விதைக்காமல் விட்ட வயல்களோடு குளிர்காலத்தைச் சந்தித்தவர்கள் அந்த விசுவாசிகள்.

மறுதரப்பாரும் சும்மாயிருக்கவில்லை. புங்கஸ் என்ற கத்தோலிக்க எழுத்தாளர் லூத்தரின் பெயரெழுத்துகளைச் சற்று வளைத்து அதிலும் 666ஐ வரவழைத்தார். ஒரே முறையால் போப்பாண்டவரையும் லூத்தரையும் மிருகமாக்கலாம் என்றால், அந்த முறையால் யாரைத்தான் ஆக்க முடியாது? இரண்டாம் நூற்றாண்டிலேயே இரேனியு என்ற சபைப் பிதா இதைக் கண்டு எச்சரித்திருக்கிறார். அந்த எண்ணுக்குப் பொருந்தும் பெயர்கள் பல இருப்பதால், இன்னாரென்று துணிந்து சொல்வது ஆபத்து என்பதே அவருடைய வாதம்.

நம் வீட்டு வாசலில் கோலமிடுகிறவர்கள் முதலில் புள்ளி வைக்கிறார்கள். பின்பு புள்ளிகளுக்குக் கட்டுப்பட்டுக் கோடு இழுக்கிறார்கள். இந்தக் கணக்கர்களோ விரும்பிய கோலத்தை முதலில் வரைந்துவிட்டு, கோடு போன இடமெல்லாம் புள்ளி வைத்துக்கொண்டு போகிறார்கள். வேதத்தில் 7, 40, 70, 430, 490, 1260, 1290, 1335, 2300 என்று 9 எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்குவதற்கு எருசலேமின் வீழ்ச்சி, கோரேசின் கட்டளை, சிலுவை மரணம், 1948 என்று 12 நிகழ்ச்சிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 360 நாளா, 365 நாளா என்ற தெரிவையும் சேருங்கள். 9 x 12 x 2 = 216. இருநூற்றுப் பதினாறு வழிகளில் ஒன்றுகூட ஏதாவதொரு முக்கிய நாளில் போய் நிற்காவிட்டால்தான் அதிசயம். நின்ற ஒன்றை அட்டவணையில் போடுகிறார்கள். நிற்காத 215ஐக் குப்பையில் போடுகிறார்கள். உங்கள் கைபேசிக்கு வருவது அந்த ஒன்று மட்டுமே.

வரலாற்றுக்கு நேரும் அநியாயம்

நியூயார்க் மாநிலத்து விவசாயி வில்லியம் மில்லர் உத்தமமான மனிதர். பணத்துக்காகப் பிரசங்கித்தவர் அல்லர். தானியேல் 8:14இல் உள்ள 2300 என்ற எண்ணை ஆண்டுகளாக எடுத்து, எஸ்றாவுக்குக் கட்டளை கொடுக்கப்பட்ட கி.மு. 457இலிருந்து எண்ணினார். 2300இலிருந்து 457ஐக் கழித்தால் 1843. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, இடையில் சுழிய ஆண்டு என்று ஒன்றில்லை. அதை உணர்ந்தபோது ஓர் ஆண்டு கூட்டப்பட்டு 1844 ஆயிற்று. முடிவில் 1844 அக்டோபர் 22 என்று அவருடைய இயக்கத்தாரில் ஒருவர் குறித்தார், பெருந்திரளானோர் நம்பினர். அறுவடை செய்யாமல் பயிரை நிலத்தில் விட்டவர்கள் உண்டு. அன்றிரவு விழித்திருந்து அழுதவர்களின் துக்கத்தை அமெரிக்கத் திருச்சபை வரலாறு "பெரும் ஏமாற்றம்" என்ற பெயராலேயே அழைக்கிறது.

இங்கே வரலாறு எவ்வாறு புறக்கணிக்கப்பட்டது என்று கவனியுங்கள். அந்தத் தரிசனத்தில் வரும் ஆட்டுக்கடா மேதிய பெர்சிய ராஜ்யம், வெள்ளாட்டுக்கடா கிரேக்க ராஜ்யம் என்று காபிரியேல் தூதனே பெயர் சொல்லி விளக்குகிறான் (தானியேல் 8:20,21). கிரேக்க ராஜ்யத்தின் ஒரு பிரிவிலிருந்து அந்தியோகஸ் எப்பிபானேஸ் என்ற அரசன் எழும்பினான், கி.மு. 167இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி அன்றாட பலியை நிறுத்தினான். கி.மு. 164இல் மக்கபேயர் அதை மீட்டுச் சுத்திகரித்தனர். அந்த நாளை நினைவுகூரும் பிரதிஷ்டைப் பண்டிகையின்போது நம் ஆண்டவரே ஆலயத்தில் உலாவினார் என்று யோவான் 10:22,23 சொல்லுகிறது. ஆலயம் சுத்திகரிக்கப்படும் என்ற வசனத்துக்கு எருசலேமின் வரலாற்றில் இவ்வளவு தெளிவான ஒரு நிகழ்ச்சி இருக்க, அதைத் தாண்டிப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவுக்கு வருவதற்கு எத்தனை வேலிகளைத் தாண்டவேண்டியிருக்கிறது!

அடுத்து, நம் சபைகளில் பெரிதும் மதிக்கப்படும் ஒரு கணக்கைத் தொடவேண்டியிருக்கிறது. சர் ராபர்ட் ஆண்டர்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுதிய நூலில், தானியேல் 9ஆம் அதிகாரத்தின் 69 வாரங்களை 483 ஆண்டுகளாக்கி, ஆண்டுக்கு 360 நாள் வீதம் 1,73,880 நாள்கள் என்றார். கி.மு. 445 மார்ச் 14இல் தொடங்கினால், கர்த்தர் கழுதைக்குட்டியின்மேல் ஏறி எருசலேமுக்குள் வந்த குருத்தோலை ஞாயிறாகிய கி.பி. 32 ஏப்ரல் 6இல் அது நாள் பிசகாமல் முடிகிறது என்றார். இதைப் பல மேடைகளில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். கேட்டபோது மெய்சிலிர்த்திருக்கும்.

சிலிர்ப்பு அடங்கியபின் வேதத்தைத் திறந்து பாருங்கள். நெகேமியா 2:1 நிசான் மாதம் என்று மட்டும் சொல்லுகிறது. அந்த மாதத்தின் எந்தத் தேதி என்று சொல்லவில்லை. முதல் தேதி என்பது ஆண்டர்சன் கூட்டிக்கொண்டது. வேதம் தேதி கொடாத இடத்தில் தொடங்கி, நாள் பிசகாத முடிவுக்கு எப்படி வர முடியும்? அடுத்து, அவர் கூறிய இரண்டு தேதிகளும் ஜூலியன் நாள்காட்டிக்குரியவை. அந்த நாள்காட்டியின்படி இடையிலுள்ள 476 ஆண்டுகளில் 119 மிகைநாள்கள் வரும். அவரோ கிரகோரியன் நாள்காட்டிக்குரிய திருத்தத்தை இங்கே கொண்டுவந்து மூன்றைக் குறைத்து 116 என்று வைத்தார். அந்த மூன்று நாளைக் குறைக்காவிட்டால் தொகை பொருந்தாது. மேலும், பிலாத்து தேசாதிபதியாயிருந்த நாள்களில் பஸ்காவும் வெள்ளிக்கிழமையும் நன்கு பொருந்திவரும் ஆண்டுகள் கி.பி. 30ம் 33ம் என்று வானியல் கணக்குகள் காட்டுகின்றன, 32 பொருந்தவில்லை. பிற்காலத்தில் ஹெரால்ட் ஹோனர் என்ற அறிஞர் தொடக்கத்தை கி.மு. 444க்கும் முடிவை கி.பி. 33க்கும் நகர்த்தினார். அப்போதும் அதே 1,73,880 வந்தது! இரண்டு வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து இரண்டு வெவ்வேறு முடிவுகளுக்கு ஒரே எண் "நாள் பிசகாமல்" பொருந்துகிறதென்றால், பொருத்தியது யாருடைய கை?

360 நாள் ஆண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிப்படுத்தின விசேஷத்தில் 42 மாதமும் 1260 நாளும் இணையாக வருவது உண்மைதான். ஆனால் இஸ்ரவேலர் அந்தக் கணக்கில் நூற்றாண்டுக்கணக்காய் வாழவில்லை. அறுப்பின் முதற்கதிர்க்கட்டைப் பஸ்காவை ஒட்டிய நாள்களில் கர்த்தருடைய சந்நிதியில் அசைவாட்ட வேண்டும் என்று லேவியராகமம் 23 கட்டளையிடுகிறது. ஆண்டுக்கு 5 நாளுக்கு மேல் குறைத்துக்கொண்டே போனால் 35 ஆண்டுகளில் பஸ்கா அரையாண்டு விலகிப்போய்விடும். அப்போது கதிருக்கு எங்கே போவது? ஆகவேதான் யூதர்கள் சில ஆண்டுகளில் பதின்மூன்றாம் மாதம் ஒன்றைச் சேர்த்து நாள்காட்டியைப் பயிரோடு இணைத்து வைத்தார்கள். 483 ஆண்டுகள் தொடர்ந்து 360 நாள் வீதம் ஓடிய நாள்காட்டி அட்டவணைகளில் இருக்கிறது. எருசலேமின் வயல்களில் இருந்ததில்லை.

தவறாக எண்ணாதீர்கள். எழுபது வாரங்களின் தீர்க்கதரிசனம் மேசியாவை நோக்குகிறது என்றே நான் விசுவாசிக்கிறேன். நான் மறுப்பது, "நாள் பிசகாமல்" என்ற பெருமையை மட்டுமே. ஏன் இதைத் துணிந்து மறுக்கிறேன் தெரியுமா? ஞாயிறு பள்ளியில் இந்த எண்ணை மனப்பாடம் செய்த பிள்ளை, நாளை கல்லூரியில் அமர்ந்து தானே நாள்களை எண்ணிப் பார்க்கும். மூன்று நாள் உதைக்கும். அன்றைக்கு அந்தப் பிள்ளை சந்தேகிக்கப்போவது ஆண்டர்சனையா, ஆண்டவரையா? கர்த்தர் இடாத அஸ்திபாரத்தின்மேல் பிள்ளைகளின் விசுவாசத்தைக் கட்டிவிட்டு, வீடு சரியும்போது பிள்ளைகளைக் குற்றம் சொல்லுவது நியாயமல்ல.

வேதத்துக்கு நேரும் அநியாயம்

இப்போது எரேமியாவுக்கு வருவோம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு இரண்டு தீர்க்கதரிசிகள் இரண்டு எண்களைச் சொன்னார்கள். அனனியா சொன்ன எண் 2; இரண்டு ஆண்டுகளுக்குள் நேபுகாத்நேச்சாரின் நுகம் முறிக்கப்படும் என்றான். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி முறித்தும் காட்டினான். பார்த்தவர்களுக்கு எவ்வளவு உற்சாகமாயிருந்திருக்கும்! எரேமியா சொன்ன எண் 70. கேட்டவர்களில் பெரியவர்கள் திரும்பிவர மாட்டார்கள் என்பதே அதன் பொருள். ஐந்தாம் மாதம் பேசிய அனனியா ஏழாம் மாதம் இறந்துபோனான். அவன் சொன்ன இரண்டு ஆண்டுகள் கழிந்தன, நுகம் முறியவில்லை.

அந்த எழுபதை எரேமியா எதற்காகச் சொன்னார்? 29ஆம் அதிகாரத்தின் நிருபத்தைப் பாருங்கள். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள். தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள். நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்பதே அதன் சாரம். அனனியாவின் எண் மூட்டை கட்டவைத்தது. எரேமியாவின் எண் தோட்டம் போடவைத்தது. ஒரு தீர்க்கதரிசனக் கணக்கு உங்களிடம் வரும்போது முதலில் இதைக் கேளுங்கள்: இது என்னைத் தோட்டம் போடச் சொல்லுகிறதா, மூட்டை கட்டச் சொல்லுகிறதா?

அவர் அதோடு நிற்கவில்லை. பாபிலோன் சேனை எருசலேமை முற்றிக்கை போட்டிருந்த நாளில், தாமே காவலில் அடைபட்டிருந்த நிலையில், ஆனதோத்திலுள்ள ஒரு நிலத்தைத் தம் உறவினரிடம் வாங்கினார் என்று 32ஆம் அதிகாரம் சொல்லுகிறது. விலை 17 சேக்கல் வெள்ளி. கிரயப்பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளை வைத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தினார். கேம்பிங் 17க்குப் பரலோகம் என்று பொருள் கண்டு, ஜனங்கள் பூமியிலுள்ளதைக் கைவிடும்படி செய்தார். எரேமியாவோ தேசம் அழிந்துகொண்டிருந்த வேளையில் அதே 17ஐ எண்ணிக் கொடுத்துப் பூமியில் நிலம் வாங்கினார். கர்த்தருடைய வாக்கை நம்புகிறவனின் கணக்கு அப்படி இருக்கிறது.

"தானியேல் புத்தகங்களால் ஆண்டுகளின் எண்ணிக்கையை அறிந்துகொண்டாரே, நாங்கள் செய்தால் தவறா?" என்று சிலர் கேட்கிறார்கள். தானியேல் 9ஐத் தொடர்ந்து வாசியுங்கள். எரேமியா எழுதியிருந்த எண்ணையே அவர் அறிந்துகொண்டார். தாமாக எதையும் பெருக்கவில்லை. அறிந்தவுடன் அவர் அட்டவணை வரையவில்லை. உபவாசித்து, இரட்டிலும் சாம்பலிலும் உட்கார்ந்து, தம் ஜனத்தின் பாவங்களைத் தம் பாவங்களாக அறிக்கையிட்டார். அந்த ஜெபமே அதிகாரத்தின் பெரும்பகுதி. இக்காலத்துக் கணக்கர்களிடம் எண்கள் ஏராளமாயிருக்கின்றன, சாம்பலைத்தான் காணோம்.

அந்த எழுபது ஆண்டுகளும் எப்படி நிறைவேறின? பாபிலோன் அசீரியாவை வென்று எழும்பிய கி.மு. 609இலிருந்து பாபிலோன் விழுந்த 539வரை 70. ஆலயம் இடிக்கப்பட்ட 586இலிருந்து மறுபடியும் கட்டிமுடிக்கப்பட்ட 516வரையும் 70. வேத அறிஞர்கள் இவற்றில் எது என்று இன்றும் உரையாடுகிறார்கள். நிறைவேறி இருபத்தைந்து நூற்றாண்டுகள் கடந்த எண்ணிலேயே தொடக்கம் எது, முடிவு எது என்று நிதானமாகப் பேசவேண்டியிருக்க, இன்னும் நிறைவேறாததை நாளோடும் நாழிகையோடும் அறிவிக்கிறவரின் துணிச்சலை என்னவென்று சொல்வது?

இப்படிச் சொல்லுவது அறிவுக்கு விரோதமான பேச்சு என்று எண்ணவேண்டாம். ஐசக் நியூட்டனைவிடப் பெரிய கணித மேதையை யார் காட்ட முடியும்? அவர் தானியேலையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் பற்றி எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1733இல் வெளிவந்தது. நாம் எதிர்காலத்தைச் சொல்லும் தீர்க்கதரிசிகளாகும்படி தேவன் இவற்றைக் கொடுக்கவில்லை. நிறைவேறியபின் அவருடைய ஆளுகை விளங்கும்படியே கொடுத்தார் என்ற கருத்தை அவர் அதில் வலியுறுத்தினார். தம் கையெழுத்துத் தாளொன்றில் 800ஐயும் 1260ஐயும் கூட்டி 2060 என்று அவரும் குறித்ததுண்டு. ஆனால் துணிந்து நாள் குறிக்கிறவர்களின் வாயை அடைக்கவே அப்படி எழுதுவதாக அங்கேயே சொல்லுகிறார். அந்த எச்சரிப்பை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள் நம் காலத்தவர்.

அவர்களுடைய நியாயங்கள்

"நாளையும் நாழிகையையும்தானே அறியமுடியாது என்றார்; ஆண்டை அறியலாமே" என்பது ஒரு வாதம். மாற்கு 13:32க்கு அப்படி ஓர் இடைவெளி கண்டுபிடிக்கிறவர்கள் அப்போஸ்தலர் 1:7ஐ என்ன செய்வார்கள்? அங்கே காலங்களும் வேளைகளும் பிதாவின் ஆதீனத்தில் இருக்கின்றன என்றும், அவற்றை அறிவது சீஷருக்கு அடுத்ததல்ல என்றும் உயிர்த்தெழுந்த கர்த்தரே சொன்னார். அடுத்த வசனத்திலேயே அவர்களுக்கு அடுத்த வேலை இன்னதென்றும் சொல்லிவிட்டார்: பூமியின் கடைசிபரியந்தம் சாட்சிகளாயிருப்பது.

"நாள் குறித்தால் ஜனங்கள் விழித்துக்கொள்வார்களே" என்பது இன்னொரு வாதம். 1988இல் இஸ்ரவேலுக்கு நாற்பது வயது என்று கணக்கிட்டு, சபை எடுத்துக்கொள்ளப்படுவதற்கு 88 காரணங்களைக் காட்டிய ஒரு புத்தகம் அமெரிக்காவில் இலட்சக்கணக்கில் பரவியது. அந்த ஆண்டு கழிந்தது. எழுதியவர் 1989 என்றார். 1992 அக்டோபர் 28 என்று தென்கொரியாவில் ஓர் இயக்கம் அறிவித்தது. பலர் வேலையை விட்டார்கள், உடைமைகளைக் கொடுத்தார்கள். அதன் தலைவரோ 1993இல் முதிர்ச்சியடையும் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார்! மோசடிக்காக அவர் தண்டிக்கப்பட்டார். பொய்யான விழிப்பு மெய்யான தூக்கத்தைக் கொண்டுவருகிறது. இரண்டுமுறை ஏமாந்தவன் மூன்றாம் முறை சத்தியத்தைச் சொன்னாலும் நகைக்கிறான். உபாகமம் 18:22 இதற்கு ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது: கர்த்தரின் நாமத்தினால் சொன்னது நடவாமற்போனால் அது அவர் சொன்னதல்ல. நம் நாளில் கணக்கு தவறினால் கணக்கை மட்டும் திருத்துகிறார்கள். கணக்கர் மேடையைவிட்டு இறங்குவதில்லை.

"அப்படியானால் வேதத்தில் எண்கள் எதற்கு?" என்பது நேர்மையான கேள்வி. உபத்திரவத்துக்கு எல்லை உண்டு என்று காட்டுவதற்கே. 1260 நாள் என்றால் 1261ஆம் நாள் துன்மார்க்கனுக்குச் சொந்தமில்லை. எழுபது என்றால் பாபிலோனுக்கு என்றென்றைக்கும் இல்லை. எண்ணியிருப்பவர் தேவன் என்பதே ஆறுதல். நோயாளியின் கட்டிலருகே அமர்ந்திருக்கும் தாய்க்கும், வேலை இழந்த குடும்பத் தலைவருக்கும் அந்த ஆறுதல் போதும்.

ஆகையால் சபையாரே, இப்படிச் செய்யுங்கள். நாள் குறிக்கும் அட்டவணை கைபேசிக்கு வந்தால் அதைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். இன்னொரு வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்பு உங்கள் விரலால் நின்றுவிடக்கூடும். பிள்ளைகளுக்குரிய கட்டணத்தைக் கட்டுங்கள். கடனை நேர்மையாய் அடையுங்கள். மரம் நடுங்கள். தெசலோனிக்கேயா சபையில் வேலைசெய்யாமல் திரிந்தவர்களுக்குப் பவுல் அப்போஸ்தலன் என்ன எழுதினார் என்று இரண்டாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் வாசியுங்கள். எஜமான் வரும்போது ஏற்ற வேளையில் வேலைக்காரருக்குப் படிகொடுத்துக்கொண்டிருக்கும் ஊழியக்காரனையே பாக்கியவான் என்று லூக்கா 12 சொல்லுகிறது. அவன் வாசற்படியில் நின்று நாழிகை எண்ணிக்கொண்டிருக்கவில்லை, அடுக்களையில் இருந்தான்.

ஜெபிப்போம்: பரலோக பிதாவே, எங்கள் காலங்கள் உமது கரத்தில் இருக்கின்றன. உமது நாளை அறியத் துடிக்கும் ஆவலை எங்களைவிட்டு அகற்றி, இன்றைய நாளில் உண்மையாயிருக்கும் கிருபையைத் தாரும். ஏமாற்றப்பட்டவர்களை ஆற்றித் தேற்றும்; எங்கள் பிள்ளைகளின் விசுவாசத்தைக் கிறிஸ்து என்னும் கன்மலையின்மேல் கட்டும். கர்த்தராகிய இயேசுவே, வாரும். வரும்வரைக்கும் எங்களை வேலையில் காத்துக்கொள்ளும். ஆமென்.